படுத்திருந்த அரை மணித்தியாலங்கள்

போன கிழமை கிளினிக்கில் என்னைக் கொப்பி எழுதச் சொல்லிவிட்டார்கள். உங்களில் பாதிப் பேருக்கும் சொல்லியிருப்பார்கள். சீனி வருத்தம் இல்லாத வீடு இந்தக் கரையில் எது? எழும்பியதிலிருந்து படுக்கும் வரைக்கும் எந்த நேரம் என்ன செய்தேன், எவ்வளவு நடந்தேன், எவ்வளவு நேரம் சும்மா இருந்தேன் எல்லாவற்றையும் அரை மணித்தியாலத்துக்கு ஒரு வரியாக எழுதிக்கொண்டு அடுத்த மாதம் வர வேண்டுமாம். டொக்டர் சின்னப் பிள்ளை, என் மகளைவிட இளையவர். "சரியா எழுதுங்க உம்மா, பொய் எழுதினா நட்டம் உங்களுக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வயதில் எனக்குத் தெரிந்த விஷயத்தை அறுபது வயதில் அவர் சொல்லித் தருகிறார்.

மகள் கடைக்குப் போய்க் கொப்பி வாங்கி வந்தாள். தடித்த மட்டை, நீலக் கோடு. மேசையில் இரண்டு நாள் கிடந்தது. தொடவே மனம் வரவில்லை. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு குசினிக்குப் போனேன் என்றால் நம்புங்கள்.

உங்கள் வீடுகளில் நேரக் கொப்பி என்ற ஒன்று இருந்திருக்காது. பிள்ளைகளை ஏசுவார்கள், அடிப்பார்கள், அத்தோடு முடிந்தது. எங்கள் வாப்பா அடிக்கமாட்டார். அவர் கணக்கு வாத்தியார். சாகாமத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விடிய முதல் பஸ் எடுத்துப் போனால் பின்னேரம் அஸர் தொழுகை தாண்டித்தான் வீட்டுக்கு வருவார். தான் இல்லாத நேரத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்துகொள்ள அவர் கண்டுபிடித்த வழிதான் நேரக் கொப்பி. மூத்தவள் ராத்தாவுக்கு ஒன்று, இளையவள் எனக்கு ஒன்று. அடிமட்டம் வைத்து அவரே கோடு போட்டார். இடது பக்கம் நேரம், வலது பக்கம் செய்த வேலை, அரை மணித்தியாலத்துக்கு ஒரு வரி. பொழுதுபட்டு மஃரிப் தொழுதுவிட்டுப் பாயில் இருந்தபடியே எங்கள் கொப்பிகளை வாசித்துச் சிவப்புக் குமிழ்முனைப் பேனையால் கையெழுத்து வைப்பார்.

"ரெண்டு தோள்லயும் மலக்குமார் இருந்து நம்மட நன்மை தீமைய எழுதுறாங்க மகள். அவங்க எழுதுறதில கால்வாசிதான் நான் எழுதச் சொல்றன்" என்பார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த வருடம் ராத்தாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பெரிய சோதனை, அரசாங்கப் பரீட்சை. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் பிள்ளையும் அந்தச் சோதனை வரைக்கும் போனதில்லை. வாப்பாவின் மூத்தவர், எங்கள் பெரியவாப்பா, வீட்டுக்கு வரும்போதெல்லாம், "பதினாறு வயசுக் குமரை வீட்டுல வெச்சிக்கிட்டு எழுத்து என்னத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே தேத்தண்ணி குடிப்பார். வாப்பா பதில் சொல்லமாட்டார். ராத்தா பாஸ் பண்ணி ரீச்சராக வந்து நிற்பதுதான் அவர் வைத்திருந்த பதில். அவளுக்கென்று கறுப்பு உடம்பும் தங்கநிற மூடியுமாக ஒரு மைப்பேனை வாங்கிக் கொடுத்திருந்தார். அந்தப் பேனையை நான் தொட்டால் கை உடையும் என்று சட்டம்.

ராத்தா கொப்பியில் உண்மையை எழுதுவாள். நான் பொய்யை எழுதுவேன். கடற்கரையில் நண்டு வளை தோண்டிவிட்டு வந்து 'சமன்பாடு செய்தேன்' என்று எழுதுவேன். சமன்பாடு என்றால் என்ன என்றே அப்போது எனக்குத் தெரியாது. ராத்தாவின் புத்தகத்தில் பார்த்த சொல். வாப்பா ஒரு நாளும் பிடிக்கவில்லை. பொய்யில் எனக்கு நல்ல கைராசி. எல்லா வரியிலும் படித்தேன் படித்தேன் என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம். நடுவில் ஒரு 'முற்றம் கூட்டினேன்', ஒரு 'உம்மாவுக்குத் தேங்காய் துருவினேன்' வர வேண்டும். குழம்புக்குப் புளி போல அளவோடு போட வேண்டும்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள் அவை. மணல் பறந்து வந்து சோற்றிலும் கண்ணிலும் விழும். பக்கத்து வீட்டில் விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் தறி அடிப்பார்கள். சோதனைக்கு லீவு விட்டிருந்ததால் ராத்தா பகல் முழுக்க வீட்டில்தான். அவள் கொப்பியில் முதன்முதலாக அந்தச் சொல் வந்தது அப்போதுதான். 'இரண்டு முதல் இரண்டரை வரை படுத்திருந்தேன்.' அடுத்த நாள் இரண்டு வரி. அந்தக் கிழமை முடிவதற்குள் காலையிலும் ஒன்று.

அதற்கு முந்திய வருடம் அவளுக்கு நெடுநாள் காய்ச்சல் வந்து முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தது. வளர்கிற பிள்ளைக்கு வருகிற நோவு என்று எண்ணெய் தடவினார்கள். வீக்கம் வடிந்ததோடு எல்லோரும் மறந்துவிட்டோம். இப்போது அவள் கிணற்றடியில் இரண்டு வாளி இழுத்தால் கிணற்றுக் கட்டு மேலேயே இருந்துவிடுகிறாள். ஒரு நாள் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தாள். பிடித்த கோழி கைக்குள் துடிக்குமே, அப்படித் துடித்தது. நான் பயந்து கையை எடுத்துவிட்டேன்.

"உம்மாட்டச் சொல்லவா?" என்றேன்.

"சொல்லாதகா. வாப்பாக்குக் காது எட்டினா, வருத்தக்காரிக்குச் சோதனை வேணாமெண்டு பெரியவாப்பா சொல்லிருவாரு. கொஞ்சம் படுத்தாச் சரியாகிரும்."

கொஞ்சம் படுத்தால் சரியாகத்தான் போனது. பிறகு கொஞ்சம் கூடப் படுக்க வேண்டி வந்தது.

வாப்பா முதலில் அந்த வரிகளுக்குக் கீழே சிவப்பால் கோடு போட்டார். பிறகு 'சோம்பல்' என்று எழுதினார். பிறகு 'மீண்டும் சோம்பல்'. ஒரு மஃரிபுக்குப் பிறகு அந்தக் கிழமையின் வரிகளைக் கூட்டிச் சொன்னார்.

"பதினொண்டரை மணித்தியாலம் பாயில கிடந்திரிக்காய். எத்தனை பாடம் படிச்சிரிக்கலாம்?"

ராத்தா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் படுத்தாய் என்று கேட்ட மனிதர், ஏன் படுத்தாய் என்று கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அதில்தான். அடுத்த நாள் விடிய அவர் பஸ்ஸுக்குப் போகுமுன் பன்பாய்கள் எல்லாவற்றையும் சுருட்டி, எங்களுக்கு எட்டாத உயரத்தில் கூரை வளைக்கு மேலே செருகிவிட்டுப் போனார். மஃரிபுக்குப் பிறகுதான் எடுத்துத் தருவார். உம்மா பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். வாத்தியார் பெண்சாதி படிப்பு விஷயத்தில் வாய் திறப்பதில்லை என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. ராத்தா சீமெந்துத் தரையில் முந்தானையை விரித்துப் படுத்தாள். பின்னேரம் எழும்பும்போது கன்னத்தில் தரையின் சொரசொரப்பு அப்படியே பதிந்திருக்கும்.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் அதைச் செய்தேன். நல்ல எண்ணத்தில் செய்தேன். நல்ல எண்ணத்தில் செய்வதுதான் கடைசியில் கழுத்தைப் பிடிக்கிறது என்று நம் வயதில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ராத்தா, படுத்த எண்டு ஏன் எழுதுறாய்? வரலாறு வாசிச்ச எண்டு எழுது."

"பொய்யா?"

"நான் எழுதுறன்தானே. எனக்கு என்ன நடந்திச்சி?"

அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அடுத்த நாள் கறுப்புப் பேனையால் 'இரண்டு முதல் இரண்டரை வரை வரலாறு வாசித்தேன்', 'இரண்டரை முதல் மூன்று வரை வரலாறு வாசித்தேன்' என்று அழகான எழுத்தில் இரண்டு வரி எழுதினாள். எழுதி முடித்து, பென்சிலைச் சீவி, அந்த இரண்டு வரிக்கும் பக்கத்தில் ஓரத்தில் ஒவ்வொரு புள்ளி வைத்தாள். கடுகை விடச் சின்னப் புள்ளி.

"இது என்ன?"

"களா" என்றாள். "தொழுகை தவறினா களாத் தொழுறம்தானே. நோன்பு விட்டாப் பிடிக்கிறம்தானே. உடம்பு சுகமானதும் இந்த அரை மணித்தியாலத்தை இருந்து படிச்சிட்டு, புள்ளிய அழிச்சிருவன். அப்ப இது பொய்யில்லாமப் போயிரும்."

முதல் கிழமையில் இரண்டு மூன்று புள்ளிகளை அழிக்கவும் செய்தாள். தறிச் சத்தம் நின்ற பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு படித்துவிட்டு, அழிறப்பரைத் தேடி என்னிடம் வருவாள். என் அழிறப்பர் மணப்பது, பச்சையும் வெள்ளையும். அதைக் கடனாகக் கொடுத்துவிட்டு நான் பெருமையோடு நிற்பேன். பிறகு அவள் அழிறப்பர் கேட்டு வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. வாப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன?

வாப்பாவின் முகம் மாறியது. கொப்பியில் 'நன்று' வர ஆரம்பித்தது. 'நன்று', கீழே கையெழுத்து. சில நாள் 'மிக நன்று'. சாகாமத்திலிருந்து வரும்போது மண்சட்டியில் எருமைத் தயிர் கொண்டுவந்து, ராத்தாவுக்கு மேலே படிந்த ஆடையை வழித்து வைத்தார். பெரியவாப்பா வந்தபோது கொப்பியை எடுத்து அவர் மடியில் வைத்தார். "பாருங்க காக்கா, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் எண்டு." பெரியவாப்பா கண்ணாடி இல்லாமலே புரட்டிவிட்டு எழும்பிப் போனார். அன்றைக்கு வாப்பா பாட்டு முணுமுணுத்ததை நான் கேட்டேன். அவர் பாட்டுப் பாடி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மாரி பிறந்து மழை தொடங்கியபோது ராத்தாவின் கால் வீங்கியது. செருப்பின் வார் பதிந்த பள்ளம் பொழுதுபடும் வரைக்கும் மாறாது. அதை உம்மா கண்டுவிட்டார். அடுத்த நாள் வாப்பா லீவு போட்டுவிட்டு எங்களை ஒரு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார். ராத்தா முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டு வாங்குப் பலகையில் இருந்தாள். நான் அவளுடைய நேரக் கொப்பியைக் கையில் வைத்திருந்தேன். வாப்பாதான் எடுத்து வரச் சொன்னார். டொக்டர் கேட்டால் காட்ட வேண்டுமாம்.

குமர்ப் பிள்ளை டொக்டரோடு கதைப்பதில்லை. கேள்வி அவளிடம் போகும், பதில் வாப்பாவிடமிருந்து வரும். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். டொக்டர் குழாயைச் சட்டைக்கு மேலே ஒரு இடத்தில் வைத்து எடுத்தார். வெளியே முப்பது பேர் நின்றார்கள்.

"களைப்பு இருக்கா? மூச்சு வாங்குதா? பகல்ல படுக்கிறாவா?"

"இல்ல டொக்டர். படுக்கிற பழக்கம் முந்தி கொஞ்சம் இருந்திச்சி, நிப்பாட்டிட்டன். எல்லாம் எழுத்துல இரிக்கி, பாருங்க" என்று வாப்பா என் கையிலிருந்த கொப்பியை வாங்கி நீட்டினார்.

டொக்டர் நாலைந்து பக்கம் புரட்டினார். வரலாறு, சுகாதாரம், கேத்திரகணிதம். புள்ளிகள் அவர் கண்ணில் படவில்லை. பட்டாலும் பேனை தட்டிய தடம் என்று நினைத்திருப்பார். ராத்தா முக்காட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். 'படுக்கிறா' என்று ஒரே ஒரு சொல். வாப்பா கொப்பியைப் பிடித்திருந்த விதம், பள்ளிவாசலில் குர்ஆனைப் பிடிப்பது போல இரண்டு கையாலும், அதைப் பார்த்து என் வாய் அடைத்துவிட்டது.

"இவ்வளவு நேரம் இருந்து படிக்கிற புள்ளைக்கு வருத்தம் இல்ல மாஸ்டர். படிப்புக் கூடிப்போச்சு. ஒரே இருப்பில இருந்தாக் கால் வீங்கும்தான். டொனிக் தாறன்" என்றார் டொக்டர்.

திரும்பி வரும் வழியில் வாப்பா இரண்டு மாதுளம்பழம் வாங்கினார். இரண்டும் ராத்தாவுக்கு. அவள் ஒன்றை எனக்குத் தந்தாள். நான் தின்றேன்.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள். மழை விட்டிருந்த ஒரு காலையில் கிணற்றடியில் விழுந்தாள். பக்கத்து வீட்டுத் தறி நின்று அவர்கள் ஓடிவந்தார்கள். கார் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பெண் டொக்டர் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, முழங்கால் வீங்கிய அந்தக் காய்ச்சலிலேயே இதயத்துக் கதவு பழுதாகத் தொடங்கி மாதக்கணக்காகியிருக்கிறது என்றாராம். "எத்தனை நாளாப் படுத்துக் கிடக்கிறா?" என்று உம்மாவிடம் கேட்டாராம். "படுக்கிறதே இல்ல டொக்டர்" என்று பதில் சொன்னவர் வாப்பா. மூன்றாம் நாள் பகல் லுஹர் தொழுகைக்கு முன் ராத்தா மவுத்தானாள்.

ஜனாஸா எடுத்து அடக்கி நாலாம் நாள் தபால்காரர் சோதனை அனுமதி அட்டையைக் கொண்டுவந்தார். வாப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினார். கண்ணூறு என்றார் உம்மா. அளவுக்கு மிஞ்சிப் படிக்க வைத்த பிழை என்றார் பெரியவாப்பா. வாப்பா பெரியவாப்பாவின் பக்கம் சாய்ந்துவிட்டார். ஒவ்வொரு வருடமும் அவள் நினைவாகக் கத்தம் ஓதி முடிந்ததும், "மவுத்துக்கு மூணு நாளைக்கு முந்தியும் படிச்சிக்கிட்டிருந்த புள்ள" என்பார். அதில் குற்றமும் இருக்கும், பெருமையும் இருக்கும். அந்தப் பெருமைக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக. என் கொப்பியை அடுப்பில் வைத்துவிட்டேன். வாப்பா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ராத்தாவின் கொப்பி மட்டும் தகரப் பெட்டியில், காணி உறுதிப் பத்திரங்களோடு பூட்டி இருந்தது. கறுப்புப் பேனை எங்கே போனது என்று தெரியாது.

சுனாமி வந்தபோது உம்மா உயிரோடு இல்லை. வாப்பா அன்று வயல்பக்கம் என் வீட்டில் நின்றதால் தப்பினார். கடற்கரை வீட்டில் அத்திவாரம்தான் மிஞ்சியது. நீங்கள் எல்லோரும் பட்டதுதான், நான் விவரிக்கப் போவதில்லை. கிழமை கழித்து யாரோ அந்தத் தகரப் பெட்டியைக் கண்டெடுத்துத் தந்தார்கள். ஊரே ஜனாஸாக்களை அடையாளம் பார்த்துக்கொண்டிருக்க, வாப்பா என் முற்றத்தில் சாக்கை விரித்து, கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்துக் காயப்போட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

பக்கங்கள் வெறுமையாக இருந்தன. கறுப்புப் பேனையின் மை முழுக்கக் கரைந்து வெளிறிய நீலக் கறையாக ஊறியிருந்தது. வரலாறும் இல்லை, சுகாதாரமும் இல்லை. வாப்பாவின் குமிழ்முனைப் பேனை கரையவில்லை. 'நன்று', கையெழுத்து. 'நன்று', கையெழுத்து. பென்சிலும் கரையவில்லை. ஓரத்தில் புள்ளிகள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன.

"இந்தப் புள்ளியெல்லாம் என்ன மகள்?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்கு நான் எத்தனை வருடமாகப் பயந்திருந்தேன். வாய் தானாகப் பொய்யை எடுத்துக் கொடுத்தது. "ராத்தா எண்ணி எண்ணித் திக்ரு ஓதிக்கிட்டே படிப்பா வாப்பா. அந்தக் கணக்கா இரிக்கும்."

அவர் குனிந்து விரலால் ஒவ்வொரு பக்கமாக எண்ணினார். கடைசிப் பக்கம் வரைக்கும் எண்ணிவிட்டு நிமிர்ந்தார். எழுபதை எட்டிய கணக்கு வாத்தியார்.

"முதல்ல நாளைக்கு ரெண்டு. பிறகு நாலு. பிறகு ஒம்பது. கடைசியில பதிமூணு. திக்ரு இப்படிக் கூடாது மகள். வருத்தம்தான் இப்படிக் கூடும்." விரலைக் கடைசிப் புள்ளியில் வைத்தபடி, "படுத்திருந்த நேரமா?" என்றார்.

"ஓம் வாப்பா."

"அப்ப வரலாறு?"

"நான்தான் பொய் எழுதச் சொன்னன்." சொல்லிவிட்டு நான் அந்த முற்றத்தில், அத்தனை மரணத்துக்கு நடுவில், சின்னப் பிள்ளை போல அழுதேன்.

"ஒனக்கு அப்ப பத்து வயசு" என்றார். பிறகு, "எனக்கு நாப்பது" என்றார்.

உள்ளேயிருந்து சிவப்புப் பேனை ஒன்றை எடுத்து வரச் சொன்னார். என் பிள்ளைகளின் பேனை ஒன்றைக் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, தன்னுடைய 'நன்று' ஒவ்வொன்றையும், கையெழுத்து ஒவ்வொன்றையும், அடிமட்டம் வைத்தது போல நேராகக் கோடு போட்டு வெட்டினார். 'சோம்பல்' இருந்த பக்கங்களுக்கும் போனார். ஈரத்தாள் கிழிந்துவிடாமல் இடது கையால் பிடித்துக்கொண்டு வெட்டினார். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது; அவர் எழும்பவில்லை. பாங்கு சொல்லியும் வாப்பா எழும்பாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். கத்தத்தில் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்.

நேற்றுத்தான் என் கொப்பியைத் திறந்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டேன். விடிய எழும்பினேன், தொழுதேன், முற்றம் கூட்டினேன், அரை மணித்தியாலம் நடந்தேன் என்று எழுதினேன். அதெல்லாம் செய்ததுதான். அடுத்த வரியில் கை நின்றது. பிறகு எழுதினேன்: 'பத்து முதல் பத்தரை வரை படுத்திருந்தேன். பத்தரை முதல் பதினொன்று வரை படுத்திருந்தேன்.'

மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் ஏன் உம்மா எழுதுறீங்க? நடந்த எண்டு எழுதுங்க. டொக்டர் ஏசப் போறார்."

"ஏசட்டும் மகள்" என்றேன். "ஏசிட்டு, ஏன் படுத்த எண்டு கேக்கட்டும்."